பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள்

கேள்வி: நாங்கள் மும்பை செம்பூரில் வசிக்கிறோம். அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். இரண்டு மாதத்துக்கு முன் ஃபேஸ்புக்கில் பங்குச்சந்தைத் தலைவர் ஒருவர் பேசும் விளம்பரத்தைப் பார்த்து, அதிலிருந்த லிங்க்கைத் தொட்டிருக்கிறார். பிரபலமான தரகு நிறுவனத்தின் பெயரில் நடக்கும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். குழுவில் தமிழிலேயே பேசுகிறார்கள். முதலில் 50,000 ரூபாய் போட்டார், அதில் 5,000 லாபமாகத் திரும்ப வந்தது. பிறகு 1.5 லட்சம் போட்டார். ஆப்பில் இப்போது 3.9 லட்சம் காட்டுகிறது. ஒரு ஐபிஓவில் (நிறுவனம் முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது) அப்பாவுக்கு நிறையப் பங்குகள் ஒதுக்கீடு ஆகியிருக்கிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் 6 லட்சம் கட்டாவிட்டால் உள்ளே இருக்கும் பணமும் முடங்கிவிடும் என்கிறார்கள். அப்பா பேங்க் எஃப்டியை உடைக்கப் போகிறார். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அந்த நிறுவனத்துக்குக் கொடுத்த பதிவு எண்ணைத் தேடிப் பார்த்தேன், உண்மையான எண்தான். நான் வீணாகச் சந்தேகப்படுகிறேனா?

பதில்: உங்கள் சந்தேகம் சரி. நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களே போதும், இது மோசடி. எஃப்டியை உடைக்க விடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் அந்த ஐபிஓ. நம்மைப் போன்ற சிறு முதலீட்டாளர் ஐபிஓவுக்கு விண்ணப்பித்தால் பணம் நம் வங்கிக் கணக்கிலேயேதான் இருக்கும். வங்கி அதைத் தொட முடியாதபடி நிறுத்தி மட்டும் வைக்கும். பங்கு கிடைத்தால் அதற்கு உரிய தொகையை எடுத்துக்கொள்ளும், கிடைக்காவிட்டால் நிறுத்திவைத்ததை விடுவித்துவிடும். ‘அஸ்பா’ என்று வங்கிக்காரர்கள் சொல்வது இந்த முறையைத்தான். விண்ணப்பித்த அளவுக்கு மேல் யாருக்கும் ஒதுக்கீடு ஆகாது. ஆகவே, முதலில் ஒதுக்கீடு, பிறகு ‘பாக்கி ஆறு லட்சம் கட்டு’ என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அப்பா எந்த ஐபிஓவுக்காவது தன் வங்கிக் கணக்கிலிருந்தோ யூபிஐ வழியாகவோ ஒப்புதல் கொடுத்தாரா என்று கேளுங்கள். கொடுத்திருக்க மாட்டார்.

அடுத்து, ஆப்பில் தெரியும் 3.9 லட்சம். இந்தியாவில் பங்கு வாங்கினால் அது டீமேட் கணக்கில், அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கில், வந்து உட்கார வேண்டும். அந்தக் கணக்குகளை வைத்திருப்பவை என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் என்ற இரண்டே நிறுவனங்கள், இரண்டும் மும்பையில்தான் இருக்கின்றன. நம் பெயரில் என்ன பங்கு இருக்கிறது என்பதை அவர்களுடைய தளத்தில் நாமே பார்க்கலாம். மின்னஞ்சலில் கணக்கு அறிக்கையும் வரும். அங்கே இல்லாத பங்கு எங்கேயும் இல்லை. ஆப்பில் தெரியும் தொகை அவர்கள் உட்கார்ந்து போட்ட எண், அவ்வளவுதான்.

இதைக் கேட்டால் அவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: “இது இன்ஸ்டிடியூஷனல் அக்கவுண்ட் சார், வெளிநாட்டு நிறுவனத்தின் ஒதுக்கீட்டில் வாங்குகிறோம், அதனால் உங்கள் டீமேட்டில் தெரியாது.” இந்தக் கதையைப் பற்றி செபி 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்துவிட்டது. வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்களுக்கான வழி, சில விதிவிலக்குகள் தவிர, இந்தியாவில் வசிப்பவர்களுக்குத் திறக்காது. டீமேட் இல்லாமல் பங்கு வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

இப்போது நீங்கள் தடுமாறிய இடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் படித்தவர்கள், எச்சரிக்கையானவர்கள் விழுவது இங்கேதான். பதிவு எண்ணைச் சரிபார்த்தீர்கள், அது உண்மை. உண்மையாகத்தான் இருக்கும். ஆள்மாறாட்டம் செய்பவன் போலி எண்ணைக் கண்டுபிடிப்பதில்லை. நிஜமான நிறுவனத்தின் பெயர், சின்னம், முகவரி, ‘ஐஎன்இசட்’ என்று தொடங்கும் தரகர் எண், எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்கிறான். செபி சான்றிதழின் படத்தைக்கூட அனுப்புவான். எண் சரியா என்பது பாதிக் கேள்விதான். இந்த எண்ணுக்குச் சொந்தக்காரர்தான் என்னோடு பேசுகிறாரா என்பது மீதி. அதற்குப் பதில் வாட்ஸ்அப்பில் கிடைக்காது. செபி இணையதளத்தில் அந்தப் பதிவு எண்ணுக்கு நேரே இருக்கும் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் எடுத்து, நீங்களே அழைத்து, “இந்தப் பெயரில் ஒரு குழு, இந்த ஆப், இந்த வங்கிக் கணக்கு, உங்களுடையதா?” என்று கேளுங்கள். குழுவில் கொடுத்த எண்ணை அழைக்க வேண்டாம், அதை எடுப்பவர் அதே ஆள்.

மும்பையில் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு வசதி உண்டு. குழுவில் போட்டிருக்கும் முகவரி பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் என்றால், செம்பூரிலிருந்து அது எவ்வளவு தூரம்? “நாளைக் காலை நேரில் வந்து காசோலை தருகிறேன்” என்று அப்பாவை எழுதச் சொல்லுங்கள். காசோலை வேண்டாம், நேரமில்லை, சலுகை இன்றோடு முடிகிறது என்றுதான் பதில் வரும்.

வீடியோவைப் பற்றியும் கேட்பீர்கள். தேசியப் பங்குச்சந்தை தன் தலைமை அதிகாரி ஆஷிஷ்குமார் சவுஹான் பங்குகளைப் பரிந்துரைப்பதுபோல் செயற்கை நுண்ணறிவால் செய்த வீடியோக்கள் சுற்றுகின்றன என்று 2024 ஏப்ரலில் எச்சரித்தது. அதே மாதத்தில் மும்பை பங்குச்சந்தையும் தன் தலைமை அதிகாரி சுந்தரராமன் ராமமூர்த்தி பெயரில் வந்த வீடியோ பற்றி அறிவிப்பு வெளியிட்டது. நவம்பரில் ரிசர்வ் வங்கி, அப்போதைய ஆளுநர் சக்திகாந்த தாஸின் முகத்தை வைத்துச் செய்த வீடியோக்களைப் பற்றிச் சொன்னது. உதடு அசைவு பொருந்துகிறதா, கண் சிமிட்டுகிறதா என்று உற்றுப் பார்த்துப் போலியைப் பிடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தக் குறைகளெல்லாம் வேகமாக மறைந்துகொண்டிருக்கின்றன. பங்குச்சந்தையை நடத்துபவர் எந்தப் பங்கையும் வாங்கச் சொல்ல மாட்டார் என்ற ஒரு விஷயம் தெரிந்தால் போதும், வீடியோவின் தரத்தை ஆராயவே வேண்டாம்.

முகத்தை விடுங்கள், பணம் போன கணக்கைப் பாருங்கள். அப்பாவின் வங்கிப் பாஸ்புக்கை எடுத்து அந்த இரண்டு பரிமாற்றங்களும் யார் பெயருக்குப் போயிருக்கின்றன என்று படியுங்கள். பெரும்பாலும் தரகு நிறுவனத்தின் பெயர் இருக்காது. ஏதோ ஒரு டிரேடர்ஸ், ஏதோ ஒரு எண்டர்பிரைசஸ், அல்லது முன்பின் தெரியாத தனிநபர். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கணக்கு. இவை வாடகைக்கு வாங்கிய கணக்குகள். நிஜமான தரகர் தன் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்கில்தான் வாங்குவார். 2025 அக்டோபர் முதல் செபி இதற்கு ஒரு நல்ல ஏற்பாட்டைக் கொண்டுவந்திருக்கிறது: பதிவு பெற்ற தரகர்கள், மியூச்சுவல் ஃபண்டுகளின் யூபிஐ முகவரியில் ‘வேலிட்’ என்ற சொல்லும் அதை ஒட்டி வங்கியின் பெயரும் இருக்கும், பணம் செலுத்தும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் உயர்த்திய குறி தெரியும். ‘செபி செக்’ என்ற வசதியில் யூபிஐ முகவரியையோ, கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையுமோ போட்டால் அது பதிவு பெற்றவருடையதா என்று காட்டும். செபியின் சாரதி ஆப்பிலும் இது உண்டு. இரண்டு நிமிட வேலை. பணம் அனுப்புவதற்கு முன் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும்.

திரும்ப வந்த 5,000 ரூபாயை அப்பா ஆதாரமாகச் சொல்வார். அது அவருடைய 50,000-த்திலிருந்தோ, இன்னொருவர் போட்ட பணத்திலிருந்தோ வந்தது. முழுப் பணத்தையும் எடுக்கிறேன் என்று அவர் சொல்லிப் பார்க்கட்டும். ‘முதலில் வரி கட்டுங்கள்’ என்பார்கள். குறுகியகால ஆதாயத்துக்கு 20 சதவீத வரி நிஜமாகவே இருப்பதால் நம்பும்படியும் இருக்கும். ஆனால் இங்கே வசிப்பவர் அந்த வரியைத் தானே அரசுக்குக் கட்டுகிறார். பணத்தை விடுவிப்பதற்காகத் தரகர் அதை முன்கூட்டி வசூலிப்பதில்லை.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கடினம். “இதுகூடத் தெரியாமலா?” என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், அவர் அடுத்த பரிமாற்றத்தை உங்களிடம் சொல்லாமல் செய்வார். அந்தக் குழு அவருக்குக் காலையில் வணக்கம் சொல்கிறது, சார் என்று அழைக்கிறது, அவர் கேட்பதற்கெல்லாம் தமிழில் பதில் தருகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு அது பெரிய விஷயம். வாதாட வேண்டாம். டீமேட் அறிக்கையையும் பாஸ்புக்கையும் அவர் கையில் கொடுத்து அவரையே பார்க்கச் சொல்லுங்கள். வாழ்நாளெல்லாம் கணக்கு வழக்கோடு இருந்தவர், அவருக்கே புரியும். குழுவில் லாபம் வந்ததாகக் குதிக்கும் மற்றவர்களில் பெரும்பாலோர் அதே கும்பலின் ஆட்கள் என்பதையும் அப்போது சொல்லுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது: குழுவை விட்டு வெளியேறுவதற்கு முன் உரையாடல், ஆப்பின் திரை, விளம்பரம், எண்கள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் செய்யப் போவதாக அவர்களிடம் சொல்ல வேண்டாம். சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பரிமாற்ற எண், தேதி, தொகை, பணம் போன கணக்கு ஆகியவை கையில் இருக்கட்டும். பணம் இன்னும் ஏதாவது கணக்கில் தங்கியிருந்தால் அதை நிறுத்திவைக்க அந்தந்த வங்கிக்குத் தகவல் போகும், அதனால்தான் மணி நேரம்கூட முக்கியம். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்து, ஒப்புகை எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் வங்கிக் கிளைக்கும் எழுதிக் கொடுங்கள்.

அந்த ஆப் பிளே ஸ்டோரில் இல்லாமல் லிங்க் வழியாக வந்ததென்றால், அது போனில் வரும் ஓடிபியைப் படிக்கக்கூடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்ததும் நீக்கிவிட்டு, நெட்பேங்கிங் கடவுச்சொல்லை வேறு போனிலிருந்து மாற்றுங்கள். பான், ஆதார் நகல்கள் கொடுத்திருந்தால் ஆதாரின் பயோமெட்ரிக்கைப் பூட்டிவைத்து, அவர் பெயரில் கடன் எதுவும் கிளம்பியிருக்கிறதா என்று கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் ‘குழுக்களில் என்னை யார் சேர்க்கலாம்’ என்பதை ‘என் தொடர்புகள்’ என்று மாற்றிவிடுங்கள்.

இன்னும் சில வாரத்தில் ஒருவர் கூப்பிடுவார். வக்கீல் என்பார், சைபர் பிரிவு என்பார், செபி அதிகாரி என்றுகூடச் சொல்வார். அப்பா இழந்த தொகையைச் சரியாகச் சொல்வார், ஏனென்றால் அந்தப் பட்டியல் அவர்களிடம்தான் இருக்கிறது. மீட்டுத் தருகிறேன், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்பார். எந்த அரசு அலுவலகமும் பணத்தை மீட்டுத் தரக் கட்டணம் கேட்பதில்லை. அந்த அழைப்பு வந்தால் பணம் எதுவும் கொடுக்காமல், அந்த எண்ணையும் உங்கள் ஒப்புகை எண்ணோடு சேர்த்து 1930-இல் சொல்லுங்கள்.