கட்டட மின் நிறுவல்களுக்கு விரிவான வரைபடம் தயாரிக்க எப்படிக் கற்றுக்கொள்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் ஓரளவு தெரியும். கட்டடக் கலைஞர் தரும் தள வரைபடத்தில் விளக்கு, சுவிட்ச், பிளக் பாயின்ட் எல்லாம் வைத்துக் கொடுக்கிறார். ஆனால் "இது போதாது, விரிவான வரைபடம் வேண்டும்" என்று திரும்பி வந்துவிடுகிறது. எதைச் சேர்த்தால் அது விரிவான வரைபடம் ஆகும், அதை எங்கிருந்து கற்பது, ரெவிட் (கட்டடத்தை முப்பரிமாண மாதிரியாக உருவாக்கும் மென்பொருள்) படித்தால் தீருமா என்று கேட்கிறார்.

இத்தகைய வரைபடங்களைத் தயாரிப்பதும் மற்றவர்கள் தயாரித்தவற்றைச் சரிபார்ப்பதும் என் தொழில். என்னிடம் வருகிற தாள்களில் பெரும்பாலானவை அழகாகவே வரையப்பட்டிருக்கும். வரைவதற்கு முன்பு எடுக்க வேண்டிய முடிவுகள்தான் அவற்றில் இருக்காது. உங்கள் வரைபடமும் அதனால்தான் திரும்பி வருகிறது என்று நினைக்கிறேன்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அந்தத் தாள்களைக் கையில் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன், அலுவலகத்துக்கு ஒரு முறைகூடப் போன் செய்யாமல் வேலையை முடிக்க முடிய வேண்டும். உங்கள் வரைபடத்தில் ஏதாவது ஒரு பிளக் பாயின்ட்டைத் தொட்டு, அவர் கேட்கக்கூடிய கேள்விகளை நீங்களே கேட்டுப் பாருங்கள். எவ்வளவு உயரத்தில்? எந்த மட்டத்திலிருந்து அந்த உயரம்? எந்த விநியோகப் பலகை (மின்சாரத்தை சர்க்கியூட்களாகப் பிரித்து அனுப்பும் பெட்டி), அதில் எத்தனையாவது சர்க்கியூட்? வயர் என்ன அளவு, எத்தனை வயர்கள்? கண்டியூட் (வயர் செல்லும் குழாய்) சுவருக்குள் போகிறதா, தரைக்குள் போகிறதா, ஃபால்ஸ் சீலிங் மேலேயா? அதற்கு முன்னால் உள்ள எம்.சி.பி. (மின்னோட்டம் மிகும்போது தானாகத் துண்டிக்கும் சிறிய பிரேக்கர்) எத்தனை ஆம்பியர், எவ்வளவு பெரிய திடீர் மின்னோட்டத்துக்குத் துண்டிக்கும் என்பதில் அது பி வகையா சி வகையா? 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. (மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி) உண்டா? இவை ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு தாளில் பதில் இருக்க வேண்டும். இரண்டு தாள்களில் இருந்தால் இரண்டும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

கற்பதற்கு நான் பரிந்துரைக்கும் வழி, இரண்டு மாடிகள் கொண்ட சிறிய கட்டடம் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் முழுத் தொகுப்பையும் தனியாளாக வரைவது. சிறிய அலுவலகம் அல்லது மருத்துவ ஆலோசனைக் கூடம் போதும். விளக்கு வரைபடம், பவர் வரைபடம், ஒற்றைக் கோட்டு வரைபடம் (மின் நுழைவாயிலிலிருந்து பலகைகள் வரையிலான இணைப்புகளை ஒரே கோடாகக் காட்டுவது), ஒவ்வொரு பலகைக்கும் லோடு அட்டவணை, ரைசர் (மாடிக்கு மாடி கேபிள் ஏறும் வழி), எர்த்திங், கேபிள் ட்ரே (கேபிள்களைத் தாங்கும் தட்டு) செல்லும் வழி, பெரிய அளவில் சில நுணுக்க வரைபடங்கள், குறியீட்டு விளக்கத் தாள் என எல்லாம் அதில் வேண்டும். பெரிய கட்டடங்களில் விளக்குத் தாளை மட்டுமே ஆண்டுக்கணக்கில் வரைந்துகொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு தாளில் செய்யும் மாற்றம் அடுத்த தாளில் எங்கே போய் முட்டுகிறது என்று காண அவர்களுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. இந்த வேலையின் உயிர் அந்தத் தொடர்பில்தான் இருக்கிறது.

வரைவதற்கு முன் கணக்கு. இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஓர் உதாரணத்தை முழுவதுமாகப் பார்ப்போம். மூன்று ஃபேஸ், 400 வோல்ட், 18 கிலோவாட் லோடு, திறன் காரணி (பவர் ஃபாக்டர்) 0.9 என்று வைத்துக்கொள்ளுங்கள். 18,000-ஐ 1.732, 400, 0.9 ஆகியவற்றின் பெருக்கலால் வகுத்தால் ஏறத்தாழ 28.9 ஆம்பியர். பிரேக்கர் 32 ஆம்பியர் என்று முடிவாகிறது. சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60364-இன் அட்டவணையில், கண்டியூட்டுக்குள் செல்லும் பி.வி.சி. காப்புள்ள ஒற்றைக் கோர் செம்பு வயர்கள் மூன்று ஃபேஸில் 6 சதுர மி.மீ. அளவில் 36 ஆம்பியர் தாங்கும் என்று இருக்கிறது. 32-ஐ விட அதிகம்தானே என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் அந்த 36 ஆம்பியர், சுற்றுப்புற வெப்பம் 30 டிகிரி செல்சியஸாக இருந்து, கண்டியூட்டுக்குள் ஒரே ஒரு சர்க்கியூட் மட்டும் போகும்போது பொருந்தும் எண். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே 40 டிகிரி என்றால் பி.வி.சி.க்குத் திருத்தக் காரணி 0.87. அதே ட்ரங்கிங்கில் (பல வயர்களைச் சேர்த்துக் கொண்டுபோகும் மூடியுள்ள பெட்டிவழி) மூன்று சர்க்கியூட்கள் சேர்ந்து போனால் இன்னொரு காரணி 0.70. 32-ஐ இந்த இரண்டாலும் வகுத்தால் 52.5 ஆம்பியர்; அட்டவணையில் குறைந்தது இவ்வளவு தாங்கும் வயர் வேண்டும். அட்டவணைப்படி 10 சதுர மி.மீ. வயர் தாங்குவது 50 ஆம்பியர், ஆகவே அதுவும் போதாது. 68 ஆம்பியர் தாங்கும் 16 சதுர மி.மீ. வயர்தான் வேண்டும். 6-இலிருந்து 16-க்குப் போனதும் கண்டியூட் பெரிதாகிறது, ட்ரங்கிங் பெரிதாகிறது, பிரேக்கரின் டெர்மினலில் வயர் நுழையுமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அல்லது அந்த மூன்று சர்க்கியூட்களைத் தனித்தனி வழிகளில் பிரித்து அனுப்பலாம். இப்படிச் செய்தால் வயர் சிறிதாகும், ஆனால் தள வரைபடத்தில் பாதை மாறும். பாதையை வரைபவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். கணக்குப் போடுபவர் ஒருவர், வரைபவர் இன்னொருவர் என்று முழுக்கப் பிரித்துவிட்டால் இந்த முடிவை எடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

மின்னழுத்த வீழ்ச்சியும் அதேபோலப் பாதையோடு கட்டுண்டது. 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில், ஒற்றை ஃபேஸில், ஒரு ஆம்பியருக்கு ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 18 மில்லிவோல்ட் இழப்பு. 20 ஆம்பியர் 30 மீட்டர் சென்றால் 10.8 வோல்ட், அதாவது 230 வோல்ட்டில் 4.7 சதவீதம். பொது மின்வழங்கலிலிருந்து நேரடியாக இணைப்புப் பெறும் நிறுவல்களில், விளக்குகளுக்கு 3 சதவீதம், மற்றவற்றுக்கு 5 சதவீதம் என்பது ஐ.இ.சி. பரிந்துரை. அது மின் நுழைவாயிலிலிருந்து கடைசிப் பாயின்ட் வரைக்குமான மொத்தம். பலகை வரை வரும் ஃபீடர் கேபிளே 1 சதவீதத்தை எடுத்துக்கொண்டிருந்தால் இந்த சர்க்கியூட் எல்லையைத் தாண்டிவிட்டது. தள வரைபடத்தில் நேர்கோட்டில் அளந்த தூரத்தைக் கணக்கில் போடாதீர்கள். கூரைக்கு ஏறி, சுற்றி, மீண்டும் சுவரில் இறங்கும் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைக் கோட்டு வரைபடத்தில் பலர் விட்டுவிடுவது குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) மின்னோட்டம். 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், 400 வோல்ட், மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 5 சதவீதம் என்றால் முழுச் சுமையில் 722 ஆம்பியர். அதை 0.05-ஆல் வகுத்தால், அதன் முனைகளில் பழுது நேரும்போது ஏறத்தாழ 14.4 கிலோ ஆம்பியர் பாயும். பக்கத்திலேயே இருக்கும் முதன்மைப் பலகையில் 10 கிலோ ஆம்பியரை மட்டுமே துண்டிக்கக்கூடிய பிரேக்கரை வரைந்து வைத்தால், பழுது நேரும் நாளில் அது வெடித்துச் சிதறக்கூடும். ஆகவே ஒவ்வொரு பலகைக்கும் பக்கத்தில் அங்கு எதிர்பார்க்கும் பழுது மின்னோட்டத்தையும், ஒவ்வொரு பிரேக்கருக்கும் அதன் துண்டிக்கும் திறனையும் எழுதும் பழக்கத்தை முதல் வரைபடத்திலிருந்தே கொண்டுவாருங்கள்.

அடுத்து, கட்டடம் என்ற பொருளோடு வரைபடம் ஒத்துப்போக வேண்டும். பிளக் பாயின்ட் உயரம் 300 மி.மீ. என்று மட்டும் எழுதினால் போதாது. பெட்டியைச் சுவரில் பதிக்கும் நாளில் தரைக்கல் போட்டிருக்க மாட்டார்கள். கான்கிரீட் மட்டத்திலிருந்து அளந்துவிட்டால், பிறகு தரைப்பூச்சும் கல்லும் சேர்ந்து அந்த உயரத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆகவே "முடிந்த தரை மட்டத்திலிருந்து" என்று எழுதுங்கள், பூச்சின் தடிமனையும் கட்டடக் கலைஞரின் தாளிலிருந்து எடுத்துப் போடுங்கள். விளக்குகளின் இடத்தைக் காட்ட பரிமாணம் கொடுக்கும்போது சுவரிலிருந்து அளக்காமல் தூண்களின் கிரிட் கோட்டிலிருந்து அளப்பது நல்லது. சுவர் நகரும், பூச்சு கூடும் குறையும், கிரிட் மாறாது. சுவிட்ச் கதவின் தாழ்ப்பாள் பக்கம் வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கதவு திறக்கும் திசையைக் கட்டடக் கலைஞர் மாற்றிய பிறகு வந்த புதிய தாளைப் பின்னணியில் ஏற்றினீர்களா என்பதே உண்மையான கேள்வி.

விநியோகப் பலகையின் முன்னால் ஒருவர் நின்று வேலை செய்ய இடம் வேண்டும். அமெரிக்க மின் விதித்தொகுப்பில், சாதாரணக் குறைந்த மின்னழுத்தப் பலகைகளுக்கு இது குறைந்தது ஏறத்தாழ 0.9 மீட்டர் ஆழம். அந்த இடத்தை வரைபடத்திலேயே புள்ளிக்கோட்டுச் சதுரமாகக் காட்டிவிடுங்கள். வேறு யாரும் அங்கே குழாயையோ அலமாரியையோ கொண்டுவந்து வைக்க மாட்டார்கள். பீமையும் தளத்தையும் துளைத்துப் போகும் ஸ்லீவ்களின் (கேபிள் நுழைவதற்காகப் பதிக்கும் குழாய்த் துண்டுகள்) வரைபடம் கான்கிரீட் போடுவதற்கு முன்பே வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமாக வரும் ஸ்லீவ் வரைபடத்தால் பயனில்லை.

கேபிள் ட்ரே, குளிர்சாதனக் குழாய்கள், தண்ணீர்க் குழாய்கள், தீயணைப்புக் குழாய்கள் எல்லாம் ஒரே தாழ்வாரத்தின் மேலே போகும் இடத்தில் குறுக்குவெட்டு ஒன்று வரையுங்கள். பீமின் அடிமட்டம், சீலிங்கின் மட்டம், நடுவில் யாருக்கு எவ்வளவு இடம் என்று எண்களோடு. தண்ணீர்க் குழாயின் கீழே ட்ரே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சரிபார்க்கும்போது முதலில் தேடுவது இந்த வெட்டைத்தான். அது இருந்தால், வரைந்தவர் கட்டடத்துக்குள் மனத்தால் நடந்து பார்த்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

குறியீடுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐ.இ.சி. 60617 இருக்கிறது, உங்கள் நாட்டுத் தரமும் இருக்கும். ஒன்றைப் பின்பற்றி, விளக்கத் தாளில் பட்டியலிட்டு, கடைசிவரை மாற்றாமல் இருங்கள். கட்டடத்தின் கோடுகள் மெல்லியதாக, சாம்பல் நிறத்தில். மின் கோடுகள் தடிமனாக. எழுத்தின் உயரத்தில் மட்டும் ஒரு கவனம் தேவை. ஏ1 தாளில் 2.5 மி.மீ. எழுத்து நன்றாகத் தெரியும். வேலை நடக்கும் இடத்துக்கு அதை ஏ3-இல் அச்சிட்டுத்தான் எடுத்துப் போவார்கள். அப்போது அது பாதியாகி 1.25 மி.மீ. ஆகிவிடும், கூரையடியில் மங்கிய வெளிச்சத்தில் யாராலும் படிக்க முடியாது. அனுப்புவதற்கு முன் நீங்களே ஏ3-இல் ஒரு முறை அச்சிட்டுப் பாருங்கள்.

தொகுப்பு முடிந்ததும் சரிபார்ப்பு. லோடு அட்டவணையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள ஒவ்வொரு சர்க்கியூட் எண்ணையும் தள வரைபடத்தில் தேடி வண்ணப் பென்சிலால் அடியுங்கள். பிறகு திருப்பிச் செய்யுங்கள்: தள வரைபடத்தில் அடிக்கப்படாமல் நிற்கும் பாயின்ட் எது? அட்டவணையில் அடிக்கப்படாத வரி எது? மூன்று ஃபேஸிலும் லோடு ஏறத்தாழச் சமமாக இருக்கிறதா? அட்டவணை சொல்லும் கேபிள் அளவும் ஒற்றைக் கோட்டு வரைபடம் சொல்லும் அளவும் ஒன்றா? கணினித் திரையில் இதைச் செய்ய முயல வேண்டாம். காகிதத்தில் செய்யும்போது கண்ணில் படுபவை திரையில் படுவதில்லை. அதன் பிறகு அந்தக் கட்டடத்தைப் பார்த்திராத, அனுபவமுள்ள ஓர் எலெக்ட்ரீஷியனிடம் தொகுப்பைக் கொடுத்து, வயர், கண்டியூட், பெட்டி, பிரேக்கர் எல்லாவற்றுக்கும் பொருள் பட்டியல் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் உங்களைக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் தாளில் விடுபட்ட ஒரு குறிப்பு. இதைவிட நல்ல ஆசிரியர் எனக்குத் தெரிந்து இல்லை.

வாய்ப்புக் கிடைத்தால், வேலை நடக்கும் கட்டடம் ஒன்றுக்கு அதன் வரைபடத்தோடு சென்று ஒரே ஒரு சர்க்கியூட்டைப் பலகையிலிருந்து கடைசிப் பாயின்ட் வரை கண்ணால் தொடருங்கள். எங்கே கண்டியூட் வரைபடத்தைவிட்டு விலகுகிறது, ஏன் விலகியது என்று வேலை செய்தவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் நல்ல காரணம் ஒன்று இருக்கும். வேலை முடிந்த பின் தயாரிக்கும் ஆஸ்-பில்ட் வரைபடத்தை வரையும் பொறுப்பு யாருக்கும் பிடிக்காது, புதியவர்களிடம் தள்ளிவிடுவார்கள். தள்ளினால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள். வரைபடம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்பதை அந்த வேலை உங்களுக்கு நேரடியாகக் கற்றுத்தரும்.

விதிகளைப் பொறுத்தவரை, நீங்கள் வேலை செய்யும் நாட்டின் விதித்தொகுப்பை வாங்கி மேசைமேல் வையுங்கள். முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். உங்கள் வரைபடத்தில் ஓர் எண்ணை எழுதும்போதெல்லாம், அந்த எண் எந்தப் பிரிவிலிருந்து வருகிறது என்று தேடிப் படியுங்கள். மின்னதிர்ச்சிப் பாதுகாப்பு, கேபிள் தேர்வு, எர்த்திங் பற்றிய பகுதிகள் முதலில் பழகிவிடும். விளக்கு வெளிச்சத்துக்கு டயலக்ஸ் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அலுவலக மேசைக்கு ஐரோப்பியத் தரம் கேட்கும் 500 லக்ஸ் கிடைக்கிறதா என்று அதில் கணக்கிட்டுவிட்டு விளக்குகளை வையுங்கள்.

இனி ரெவிட். கற்றுக்கொள்ளுங்கள், பல நிறுவனங்கள் இப்போது அதைக் கேட்கின்றன. பாயின்ட்டைப் பலகையோடு இணைத்தால் அட்டவணை தானாக நிரம்பும், ட்ரே பீமில் மோதினால் கண்டுபிடிக்க முடியும். இவை உண்மையான வசதிகள். ஆனால் அந்த அட்டவணையில் வரும் லோடு நீங்கள் கொடுத்த லோடு. மூன்று சர்க்கியூட்கள் ஒரே ட்ரங்கிங்கில் சூடாகும் என்பதை நீங்கள் கணக்கில் கொண்டுவராவிட்டால், அட்டவணை 6 சதுர மி.மீ. என்று நேர்த்தியாக அச்சிட்டுத் தரும். ஆகவே சிறிய கட்டடத்தின் முதல் தொகுப்பை, இப்போது கைவசமுள்ள ஆட்டோகேட்டிலேயே கணக்கோடு முடித்துவிடுங்கள். பிறகு அதே கட்டடத்தை ரெவிட்டில் மறுபடியும் செய்யுங்கள். சரியான விடை கையில் இருக்கும்போது புதிய மென்பொருள் எங்கே தவறுகிறது என்று உடனே தெரியும், கற்பதும் வேகமாக நடக்கும்.