பழைய பாவின் நுனி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 34 வயது. சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஐந்தாண்டுகளாகச் சிறுகதை எழுத முயல்கிறேன். இந்த ஆண்டு என்னைத் திருத்திக்கொண்டே தீருவது என்று முடிவுசெய்து ஓர் எக்செல் தாளில் பதினொரு பழக்கங்களை வரிசைப்படுத்தினேன். காலை ஐந்து மணிக்கு எழுவது, 10,000 அடி நடப்பது, 500 சொல் எழுதுவது, இருபது பக்கம் படிப்பது, சர்க்கரையைத் தவிர்ப்பது, ஊரில் தனியாக இருக்கும் அம்மாவிடம் பேசுவது என்று அந்தப் பட்டியல் நீளும். செய்தால் கட்டம் பச்சை, தவறினால் சிவப்பு. 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். மூன்று முறை தொடங்கினேன். ஒன்பதாம் நாள், பதினான்காம் நாள், பதினேழாம் நாள் என்று ஒவ்வொரு முறையும் அறுந்துபோனது. ஒரு சிவப்புக் கட்டம் விழுந்துவிட்டால் அந்தத் தாளைப் பார்க்கவே பிடிப்பதில்லை. அழித்துவிட்டுப் புதிய தாளில் முதல் நாளிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் அன்றாட ஒழுங்கு என்ன? காலையில் எழுதுவீர்களா, இரவிலா? கையாலா, கணினியிலா? பாதியில் நிற்கும் கதை ஒன்றையும் இணைத்திருக்கிறேன். நேரமிருந்தால் பாருங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நானே காலை நடையைக் கைவிட்டிருந்தேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சர்க்கரை வந்தபோது மருத்துவர் நடக்கச் சொன்னார். அன்றிலிருந்து மழைநாள் தவிர எல்லா நாளும் நடந்துவந்தேன், மனவுறுதி உள்ளவன்தான் என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் இருக்கிறார். காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் வெளிக்கதவின் தாழ்ப்பாளை இரண்டு முறை ஆட்டுவார், வாய்திறந்து கூப்பிடமாட்டார். சென்ற மாதம் அவர் மகள் வீட்டுக்குப் பெங்களூர் போனார். முதல் நாள் நடந்தேன். இரண்டாம் நாள் பாதித் தெருவில் திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் எழுந்திருக்கவே இல்லை. ஒன்பது ஆண்டுகளாக என்னுடையது என்று நான் நம்பியிருந்த பழக்கம் அந்தத் தாழ்ப்பாளில் இருந்திருக்கிறது. இதை நினைத்து எனக்கு நானே சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் பதினொரு கட்டங்கள் வந்து சேர்ந்தன.

கேட்டவற்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காலையிலா இரவிலா என்றால், உங்களை யாரும் தேடாத நேரத்தில். கையாலா கணினியிலா என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. 10,000 அடி என்ற எண் மருத்துவமனையில் பிறந்ததல்ல. 1965 ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவி, 'பத்தாயிரம் அடி மானி' என்ற பொருள்படும் பெயரோடு வந்தது, அந்தப் பெயரே உலகத்துக்கெல்லாம் விதியாகிவிட்டது. நடங்கள், எண்ணாதீர்கள்.

21 நாள் கணக்கும் இப்படிப்பட்டதுதான். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், முகம் மாறிய நோயாளிகள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகிக்கொள்ளக் குறைந்தது ஏறத்தாழ 21 நாளாகிறது என்று தாம் கண்டதை 1960 ஆம் ஆண்டு ஒரு நூலில் எழுதினார். குறைந்தது என்ற சொல்லும் ஏறத்தாழ என்ற சொல்லும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டன. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் அளவுக்குப் படிய ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். நடுவில் நின்ற எண் 66. உங்களுக்கு வேண்டிய செய்தி அந்த எண் அல்ல. இடையில் ஒரு நாள் தவறுவதால் பழக்கம் படிவது குறிப்பிடும்படியாகக் கெடுவதில்லை என்றும் அவர்கள் கண்டார்கள். நீங்கள் மூன்று முறை தோற்றதாக எழுதியிருக்கிறீர்கள். நான் உங்கள் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். முதல் சுற்றில் எட்டு நாள், இரண்டாவதில் பதின்மூன்று, மூன்றாவதில் பதினாறு. முப்பத்தேழு நாள் செய்திருக்கிறீர்கள், மூன்றே நாள் தவறியிருக்கிறீர்கள். இதற்குப் பெயர் தோல்வியா? அந்த முப்பத்தேழு நாளையும் உங்கள் கையாலேயே அழித்தீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தவன். கரையைத் தனியே நெய்து உடலோடு கோக்கும் கோர்வைச் சேலையில் உடலுக்கும் இரண்டு கரைகளுக்கும் தனித்தனி ஊடை, அதாவது குறுக்கிழை, என்பதால் அதை ஏந்திப் போகும் நாடாவும் மூன்று. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் நெசவாளிக்கு ஒரு பக்கத்துக் கரை நாடாவை வீச இன்னொரு கை வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கை என்னுடையது. எட்டு வயது முதல் பள்ளிக்கு முன்னும் பின்னும் அப்பாவின் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் மிதிபலகையை மிதித்ததும் இழைகள் வாய் திறக்கும், அந்தக் கணத்தில் நான் வீசியாக வேண்டும். தூங்கி வழிந்தால் அப்பா திட்டமாட்டார். மிதித்த காலை எடுக்காமல் அப்படியே காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைப் போல என்னை எழுப்பிய கடிகாரம் இன்றுவரை எனக்கு வாய்க்கவில்லை.

இதைக் கேட்டு உழைப்பின் அழகு என்று நீங்கள் உருகிவிட வேண்டாம். அப்பா விடியற்காலையில் தறியில் இறங்கியதற்குக் காரணம் ஒழுக்கம் அல்ல, கடன். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் எங்கள் வீட்டில் ஒருபோதும் தீர்ந்ததில்லை. பள்ளிக்குப் போகிற பையன் நாடா வீசியதிலும் எந்தப் பெருமையும் இல்லை. பத்து விரலுக்கும் வேலை இருந்த வீட்டில் பழக்கங்களைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். ஈரத்தில் பட்டிழை விறைப்பு மாறிப் பேச்சுக் கேட்காது. பத்து நாள், சில ஆண்டுகளில் பதினைந்து நாள் தறி நின்றுவிடும். உங்கள் தாளில் இது பதினைந்து சிவப்புக் கட்டம். மழை விட்டதும் அப்பா குழியில் இருந்த தண்ணீரைச் சொம்பால் மொண்டு ஊற்றுவார், சாக்கு விரிப்பார், தறியை மூடியிருந்த பழைய வேட்டியை எடுத்துவிட்டு இழைகளின் மேல் புறங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பார், அறுந்திருந்த இழைகளை முடிப்பார், பிறகு நிறுத்திய ஊடைக்கு அடுத்த ஊடையைப் போடுவார். இன்று முதல் நாள் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தறி நின்ற இடத்தில் துணியில் மெல்லிய கோடு ஒன்று விழும், மடிக்கும்போது அப்பா அதை விரலால் தொட்டுக் காட்டுவார். கடையில் அந்தச் சேலையை விரித்துப் பார்த்து வாங்கிப்போன எந்தப் பெண்ணின் கண்ணிலும் அது பட்டிருக்காது. ஒரு கோடு விழுந்ததற்காகச் சேலையை அறுத்தெறிந்துவிட்டுப் புதுப் பாவு, அதாவது புதிய நெடுக்கிழைகள், ஏற்றிய நெசவாளி எங்கள் தெருவில் இருந்திருந்தால், ஊரே கூடி அவருக்கு வேப்பிலை அடித்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன். ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலை இறங்கும். மூன்றாவது சேலை முடிந்ததும் பாவை முழுவதுமாக உருவி எடுத்துவிடமாட்டார்கள். சீப்புப் போன்ற அச்சிலும், இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதிலும் கோத்திருக்கும் பழைய இழைகளின் நுனியைச் சாண் அளவுக்கு அப்படியே விட்டுவைப்பார்கள். புதுப் பாவு வந்ததும் அம்மாவும் எதிர்வீட்டு அத்தையும் தறிக்கு முன்னால் உட்கார்ந்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். அம்மாவின் விரல் போகும் வேகத்தில் என் கண் போகாது. பிணைத்து முடித்துப் பழையதை இழுத்தால் புதியது அதன் பின்னாலேயே விழுதுக் கண்களையும் அச்சையும் கடந்து தானாக வந்து நிற்கும். நுனி இல்லையென்றால் ஒவ்வோர் இழையையும் ஊசிக்கண்ணில் நூல் கோப்பதுபோல முதலிலிருந்து கோக்க வேண்டும். அதற்கு ஆகும் நாட்களை நினைத்தாலே கண் வலிக்கும். நீங்கள் ஒவ்வொரு முறையும் செய்வது அதுதான். பிணைக்க ஒரு நுனியைக்கூட மிச்சம் வைக்காமல் அறுத்துவிட்டு, கோப்பது கடினமாக இருக்கிறதே என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

எழுத்தில் நுனியை விடுவது எளிது. 500 சொல் ஆகட்டும், 80 சொல் ஆகட்டும், அடுத்த வரி என்னவென்று தெரிந்திருக்கும்போதே எழுந்துவிடுங்கள். மறுநாள் உட்கார்ந்ததும் முந்தைய நாள் எழுதியதைப் படியுங்கள். விக்டோரியா காலத்து ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ரோலப்பை நேர மேலாண்மைக்காரர்கள் விடாமல் மேற்கோள் காட்டுவார்கள். நெடுங்காலம் அஞ்சல் துறை அதிகாரியாகவும் இருந்து, காலை ஐந்தரை மணிக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் வீதம் எழுதி 47 நாவல்களை முடித்தவர். இந்தக் கணக்கைச் சொல்கிறவர்கள் இரண்டு செய்திகளை விட்டுவிடுகிறார்கள். அவர் ஒவ்வொரு நாளும் முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைத்தான் படித்தார். அது பாவு பிணைப்பது. மேலும், அவரை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காகவே வீட்டிலிருந்த வயதான குதிரைக்காரருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். அந்த மனிதர் ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை என்றும், தம் வெற்றியில் வேறெவரையும்விட அவருக்கே அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்றும் ட்ரோலப்பே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த நாவல்களுக்குப் பின்னாலும் ஒரு தாழ்ப்பாள் ஆடியிருக்கிறது.

எங்கள் தெருவிலும் அப்படித்தான். பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி தெளித்து இழை இழையாகப் பிரித்துவிடும் வேலையை வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும், ஓர் ஆளால் ஆகாது. இன்று உங்கள் வீட்டுப் பாவு என்றால் நான் வருவேன், நாளை என் வீட்டுப் பாவுக்கு நீங்கள் வந்தே ஆகவேண்டும். எழுந்திருக்க மனம் வராத மார்கழிப் பனியிலும் தெரு எழுந்திருந்தது என்றால், தெருவில் ஒவ்வொருவரும் மற்றவருக்காக எழுந்ததுதான் காரணம். நீங்களோ பதினொரு பழக்கத்தையும் அறைக்குள் பூட்டிக்கொண்டு, சாட்சிக்கு ஓர் எக்செல் தாளை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது உங்களுக்காக ஒரு நாளும் காலைத் தூக்காமல் காத்திருக்காது.

சாட்சி என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் பட்டியலில் சர்க்கரைக்கு அடுத்த கட்டத்தில் அம்மாவை வைத்திருக்கிறீர்கள். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. பச்சை அடிப்பதற்காக ஒரு மகன் கூப்பிடுகிறான் என்பது எந்தத் தாய்க்கும் இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். சாப்பிட்டாயா என்று அவர் கேட்டு நீங்கள் பதில் சொல்வதற்குள் உங்கள் விரல் அந்தக் கட்டத்தைத் தேடுகிறது அல்லவா? சித்திரமும் கைப்பழக்கம் என்று ஔவையின் பெயரில் வழங்கும் தனிப்பாடலைப் பழக்கத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் எடுத்து வீசுகிறார்கள், கடைசி அடிவரை போகிறவர்கள் குறைவு. நட்பையும் தயையும் கொடையையும் அந்தக் கிழவி பழக்கக் கணக்கில் சேர்க்கவில்லை, பிறவிக்குணம் என்று தனியே எடுத்து வைத்துவிட்டாள். அந்த வரிசையை முதலில் தாளிலிருந்து நீக்குங்கள். அழிப்பதில் நீங்கள் தேர்ந்தவர்தானே.

மற்ற பத்தில் எதை வைத்துக்கொள்வது என்று நான் சொல்லப்போவதில்லை. சர்க்கரைக்காரனாக ஒன்று மட்டும் சொல்கிறேன். தூக்கத்தை அறுத்து ஐந்து மணிக்கு எழுவதற்கு நான் எதிரி. இரவு வேலை முடிந்து ஒரு மணிக்குப் படுக்கிறவர் ஐந்துக்கு எழுந்து தியானம் செய்ய வேண்டாம், தூங்கினால் போதும்.

இணைத்திருந்த கதையைப் படித்தேன். ஏழாம் பக்கத்தில் அந்தப் பெரியவர் பேருந்திலிருந்து தவறான நிறுத்தத்தில் இறங்கி, கையிலிருந்த பையைக் கீழே வைக்காமலே நின்றுகொண்டிருக்கிறார். அங்கே விட்டுவிட்டீர்கள். முதல் மூன்று பக்கத்தில் வானிலை அறிக்கை கொஞ்சம் அதிகம், பிறகு பார்க்கலாம். பையில் என்ன இருக்கிறது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தேவையான அளவுக்கு நுனி அச்சில் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் எட்டாம் பக்கத்தை அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும். வராவிட்டால் திங்கட்கிழமை காலை நானே கேட்டு எழுதுவேன். இதைப் படிக்கும் மற்ற நண்பர்கள் ஆளுக்கொரு பாதிக் கதையை எனக்கு அனுப்பிவைக்க வேண்டாம், என்னிடம் இருப்பது ஒரு தாழ்ப்பாள்தான். பக்கத்து வீட்டுக்காரர் வியாழக்கிழமை திரும்புகிறாராம்.