நம்ம எம்எல்ஏ கிட்ட எதை கேக்கலாம், எதை கேட்டு பிரயோஜனம் இல்ல: கேள்வி பதில்

எலெக்ஷன் வந்தா குமரி ஜில்லாவுல ஆறு தொகுதியிலயும் "நடுத்தர மக்களுக்கு நியாயம், பிள்ளைகளுக்கு கல்வி"ன்னு ஒரே பேச்சுதான். காலேஜ்ல பொருளாதாரம் எடுத்து ரிட்டயர் ஆனவன் நான். கேளுங்க மக்கா, தெரிஞ்சத சொல்லுதேன்.

தக்கலை: சாரே, என் மவ எய்டட் ஸ்கூல்ல பிளஸ் டூ படிக்கா, 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா?

கிடைக்காது மக்கா. 2020ல மெடிக்கலுக்கு வந்தது, 2021ல இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம்னு நீட்டினாங்க, ஆனா அரசு பள்ளி பிள்ளைகளுக்கு மட்டுந்தான். நம்ம ஜில்லாவுக்கு இது சின்ன விஷயம் இல்ல. மிஷனரி காலத்துல இருந்தே இங்க ஊருக்கு ஊரு சர்ச் பள்ளிதான, வாத்தியார் சம்பளம் அரசு குடுக்கு, பிள்ளைக்கு புக்கு அரசு குடுக்கு, அங்க படிக்கது கூலி வேலைக்காரர் பிள்ளையும் ரப்பர் பால் வெட்டுதவர் பிள்ளையும்தான், கவுன்சிலிங்னு வரும்போது மட்டும் அது அரசு பள்ளி இல்லன்னு ஆயிருது. சேத்தா அரசு பள்ளி பிள்ளைக்கு சீட் குறையும்னு சொல்லுதாவ, அதுலயும் நியாயம் இருக்கு. என் அபிப்பிராயம், 7.5ல கை வைக்காம எய்டட் பிள்ளைகளுக்கு தனியா கொஞ்சம் ஒதுக்கணும். அதுக்கு சட்டம் வேணும், அதனால இது சரியா எம்எல்ஏ கிட்ட கேக்க வேண்டிய கேள்வி. புதுமைப் பெண் ஆயிரம் ரூபாயும் 2022ல அரசு பள்ளிக்கு மட்டும்னுதான் ஆரம்பிச்சது, 2024 டிசம்பர்ல எய்டட் தமிழ் மீடியத்துக்கும் வந்துட்டுல்லா?

நாகர்கோவில்: கடையில கணக்கு எழுதுதேன், மாசம் 22 ஆயிரம். எந்த திட்டத்துலயும் நான் இல்ல, ஏன் அண்ணாச்சி?

12ஆல பெருக்கிப் பாருங்க, 2 லட்சத்து 64 ஆயிரம். மகளிர் உரிமைத் தொகைக்கு குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம், கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில இலவசமா சேக்குத 25 சதவீத ஒதுக்கீட்டுக்கு நலிவடைஞ்ச பிரிவுன்னா 2 லட்சம். உரிமைத் தொகையில 14 ஆயிரத்துல ஆளு வெளிய. நடுத்தரம்னு மேடையில சொல்லுதது உங்களத்தான், ஆனா கோடு உங்களுக்கு கீழயே நின்னுருது. கோட்ட ஒரேயடியா அறுக்காம, கொஞ்சம் மேல உள்ளவங்களுக்கு பாதியாவது குடுன்னு கேளுங்க.

கொல்லங்கோடு: அந்த 25 சதவீதத்துல எங்க பக்கத்து ஸ்கூல் பேரே காணோமே?

சிறுபான்மை ஸ்கூலா இருக்கும். 2014ல சுப்ரீம் கோர்ட் அவங்களுக்கு இந்த கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாதுன்னு சொல்லிட்டு. எம்எல்ஏ ஒண்ணும் செய்ய முடியாது.

மார்த்தாண்டம்: தனியார் ஸ்கூல்ல வருஷா வருஷம் பீஸ் ஏத்துதாவ.

2009 சட்டப்படி ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில கமிட்டி இருக்கு, ஸ்கூல் வாரியா கட்டணத்த அவங்கதான் நிர்ணயிப்பாங்க. உங்க ஸ்கூலுக்கு எவ்வளவுன்னு கேட்டு, ரசீதோட ஒப்பிட்டு, கூடுதலா வாங்கினா கமிட்டிக்கு எழுதுங்க. ரசீது தராம வாங்குத பணம்தான் தலைவலி, அத நிரூபிக்க வழியே இல்லாம போயிரும், அதனால ரசீது இல்லாம கட்டாதீங்க.

கன்னியாகுமரி: வருமான வரிய குறைக்கச் சொல்லி எம்எல்ஏ கிட்ட மனு குடுக்கலாமா?

அது டெல்லி சமாச்சாரம். 2025 பட்ஜெட்ல புது முறையில 12 லட்சம் வரை வரி இல்லன்னு ஆக்கியாச்சு. மாநிலம் கையில உள்ளத கேளுங்க. இடம் வாங்கினா முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். பெண்கள் பேர்ல வாங்கினா ஒரு சதவீதம் குறைவு, ஆனா மதிப்பு 10 லட்சத்துக்குள்ள இருக்கணும். நம்ம ஊரு சென்ட் விலைக்கு 10 லட்சம் எந்த மூலைக்கு?

குளச்சல்: பிள்ளை படிப்புக்கு பேங்க் லோன் வாங்க எம்எல்ஏ லெட்டர் உதவுமா?

உதவாது. 7.5 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேக்கக்கூடாதுங்கதுதான் கல்விக்கடன் விதி, அத எடுத்து மேனேஜர் மேசையில வைங்க.

கிள்ளியூர்: எம்எல்ஏ உண்மையா எந்த பக்கம்னு எப்படி தெரியும்?

பேனர பாக்காதீங்க, சட்டசபையில என்ன பேசினார்னு பாருங்க. ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்க அங்க விவாதம் நடக்கும், அதுக்குப் பேரு மானியக் கோரிக்கை, பள்ளிக்கல்விக்கு எண் 43. அந்த நாள் எழுந்து பேசினாரா, எய்டட் பள்ளி விஷயம் வாய்ல வந்ததா, அவைக் குறிப்புல கெடக்கும். தொகுதி நிதி வருஷம் 3 கோடியில எவ்வளவு ஸ்கூலுக்கு போச்சு, எவ்வளவு பஸ் ஸ்டாப் நிழற்குடைக்கு போச்சுன்னு ஆர்டிஐல கேளுங்க. பதில் வந்தா எனக்கும் ஒரு காப்பி தாங்க.