செவிலியர் பதிவும் கூடவே மாற வேண்டும்

கேள்வி: கடலூரில் தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ராணுவத்தில் இருக்கும் கணவருக்குப் புனேயில் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பதிவை வைத்தே அங்கு வேலை பார்க்கலாமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அது போதாதும்மா. மகாராஷ்டிரா நர்சிங் கவுன்சிலிலும் பதிய வேண்டும். அதற்குச் சென்னையிலுள்ள நம் கவுன்சிலில் தடையில்லாச் சான்று வாங்குங்கள். பதிவு காலாவதியாகியிருந்தால் முதலில் புதுப்பியுங்கள்.

பெரும்பாலும் சிக்கல் வருவது பெயரில்தான். பதிவுச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல், கணவரின் பார்ட் டூ ஆர்டரில் (திருமணம், குடும்ப விவரங்களைப் பதியும் ராணுவ ஆவணம்) வேறொரு விதம் என்றிருந்தால் ஒவ்வொரு மேசையிலும் அலைய விடுவார்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஒன்றாக்கிவிடுங்கள். அனுபவச் சான்றில் சேர்ந்த தேதி, விடுவித்த தேதியோடு ஐசியூவா, டயாலிசிஸா என்பதையும் எழுதி வாங்குங்கள். ராணுவ மருத்துவமனையில் நர்சிங் அதிகாரிப் பணிக்குத் தனித் தேர்வு உண்டு. ராணுவ வீரரின் மனைவி என்பதற்காகக் கிடைக்காது.