தலைவரும் வீடும்: அட்லாண்டாவுக்குப் புதிதாக வந்த ஒரு தகப்பனுக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இது. அட்லாண்டாவுக்குக் குடிவந்து சில மாதங்கள் ஆகின்றன. பிப்ரவரியில் வரும் கருப்பின வரலாற்று மாதத்துக்காக, ஐந்தாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் ஒரு தலைவரைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தால், அவருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. கூட வேலை பார்க்கும் நம்மூர்க்காரர் ஒருவர், "பெண்டாட்டிக்கே உண்மையாக இல்லாதவர் என்ன தலைவர்? அந்த ஆட்களிடம் குடும்பம் என்று ஒன்று எங்கே இருக்கிறது?" என்கிறார். மகளிடம் என்ன சொல்வது?

மகளை அப்புறம் பார்ப்போம். முதலில் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. இந்தப் பேச்சு இனி எத்தனையோ விருந்துகளில் உங்கள் காதில் விழும்.

கிங்கின் மண வாழ்க்கையில் தவறு நடந்தது உண்மைதான், மறைக்க வேண்டாம். கடைசிவரை அவர் கூடவே இருந்த ரால்ஃப் அபர்நாதியே 1989-ல் தன் வாழ்க்கை வரலாற்றில் அதை எழுதிவிட்டார். ஆனால் அந்த விஷயத்தை யார், எதற்காகக் கிளறினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுதாகும். அமெரிக்க அரசின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அவருடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்டது. அவர் தங்கிய ஹோட்டல் அறைகளில் மைக் ஒளித்து வைத்தது. 1964 நவம்பரில், அவர் நோபல் பரிசு வாங்கப் போவதற்குச் சில வாரங்கள் முன்னால், ஓர் ஒலிநாடாவையும் ஒரு மொட்டைக் கடிதத்தையும் அனுப்பியது. உயிரை விட்டுவிடு, உனக்கு வேறு வழியில்லை என்ற தொனியில் எழுதிய கடிதம். அந்தப் பொட்டலத்தைப் பிரித்தவர் அவர் மனைவி கொரெட்டா. 1975-ல் அமெரிக்க செனட்டின் விசாரணைக் குழு இதையெல்லாம் அம்பலப்படுத்தியது. நாடாக்களை 50 ஆண்டுகள் பூட்டி வைக்கும்படி 1977-ல் நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஆகவே, காதால் கேட்டதுபோல வீடியோவில் பேசுகிறவரை நம்பிவிடாதீர்கள்.

ஒரு மனிதனின் படுக்கையறைக்குள் புகுந்து அவனை ஒழிக்கப் பார்த்தது ஓர் அரசாங்கம். அது பெரிய அநியாயம். அதற்காக கிங் செய்தது நியாயமாகிவிடாது. வலி முழுவதும் கொரெட்டாவின் தலையில் விழுந்தது. எனக்கு இரண்டையும் விட்டுக்கொடுக்க மனமில்லை. பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். கிங்கின் குறையை அவரும் பூசி மெழுகுவதில்லை, அதை வைத்து அவரைத் தூக்கி எறிவதும் இல்லை. ஆனால் கொரெட்டாவின் பெயரை எடுத்தால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

அதற்குக் காரணம் உண்டு. 1956 ஜனவரி 30 அன்று அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரியில் அவர்கள் வீட்டு முன்வாசலில் குண்டு வெடித்தபோது கிங் கூட்டத்தில் இருந்தார். வீட்டுக்குள் இருந்தது கொரெட்டாவும் இரண்டரை மாதக் கைக்குழந்தை யோலாண்டாவும். கொரெட்டாவின் அப்பா வந்து, "புறப்படு, நம் வீட்டுக்குப் போகலாம்" என்று கூப்பிட்டார். கொரெட்டா போகவில்லை. 1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸில் கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கப் போன இடம் அது. நான்கே நாளில், உடலை இன்னும் அடக்கம்கூடச் செய்யாத நிலையில், மூத்த பிள்ளைகள் மூவரையும் அழைத்துக்கொண்டு அதே மெம்ஃபிஸில் அந்தத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனார் கொரெட்டா. கடைக்குட்டி பெர்னிஸுக்கு அப்போது ஐந்து வயது. கிங் பெரிதாகச் சொத்து எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. நோபல் பரிசாக வந்த ஐம்பத்து நாலாயிரம் டாலரையும் இயக்கத்துக்கே கொடுத்துவிட்டார். அந்த நிலையில் நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, கணவரின் பணியைத் தொடர கிங் மையத்தைத் தொடங்கினார் கொரெட்டா. கணவர் பிறந்த நாளைத் தேசிய விடுமுறையாக்க 15 வருடம் போராடினார். 1983-ல் அதிபர் ரீகன் கையெழுத்துப் போட்டார். நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழா வைக்க வசதியாகக் கிடைக்கும் அந்த நீண்ட வாரயிறுதி, ஒரு பெண் விடாமல் போராடி வாங்கிய விடுமுறை.

இன்னொன்று. 1968-ல் கிங்கின் இறுதிச் சடங்கு நடந்தபோது ஜார்ஜியா ஆளுநர் லெஸ்டர் மேடாக்ஸ் எந்த அரசு மரியாதையும் தர மறுத்தார். 2006-ல் கொரெட்டா இறந்தபோது அவர் உடலை அதே மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் மக்கள் அஞ்சலிக்கு வைத்தார்கள். அந்த மரியாதை கிடைத்த முதல் பெண்ணும் அவர்தான், முதல் கருப்பினத்தவரும் அவர்தான்.

சரி, "குடும்பம் எங்கே" என்ற பேச்சுக்கு வருகிறேன். இது எனக்குக் கோபம் வருகிற இடம். அடிமை முறை இருந்தவரை அந்த மக்களின் திருமணத்துக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. புருஷனை ஓர் ஊருக்கும் பிள்ளையை இன்னோர் ஊருக்கும் விற்கலாம், விற்றார்கள். 1865-ல் விடுதலை கிடைத்ததும் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சர்ச் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். என் அம்மா பெயர் இது, எங்களை இன்னாரிடம் விற்றார்கள், இருக்குமிடம் தெரிந்தவர்கள் எழுதுங்கள் என்று. விடுதலை கிடைத்துப் பல பத்தாண்டுகள் கழிந்தும் அந்த விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன. குடும்பத்தை அப்படித் தேடி அலைந்தவர்களைப் பார்த்து நாம் குடும்பப் பாடம் நடத்துவதா? இப்போதைய நிலவரம் வேண்டுமென்றால், அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2013-ல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். பிள்ளைகளோடு வாழும் கருப்பின அப்பாக்கள், குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, வீட்டுப்பாடம் பார்ப்பது என்று அன்றாட வேலைகளில் மற்ற இன அப்பாக்களுக்குக் கொஞ்சமும் குறைந்தவர்கள் இல்லை. அப்பா இல்லாத வீடுகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒபாமாவே 2008 தந்தையர் தினத்தன்று சிகாகோ சர்ச் ஒன்றில் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். தந்தை இல்லாமல் வளர்ந்தவர் அவர். தன் மக்கள் முன்னால் நின்று அக்கறையோடு பேசினார். நம் விருந்துகளில் வரும் பேச்சில் அந்த அக்கறை இருப்பதில்லை.

அந்தத் தலைவர்கள் பலர் பொறுப்பைக் கற்றுக்கொண்டதே வீட்டில்தான். கிங் சிறுவனாக இருந்தபோது அப்பாவோடு செருப்புக் கடைக்குப் போனார். முன்வரிசையில் உட்கார்ந்தவர்களைப் பின்னால் போய் உட்காரச் சொன்னார் கடைக்காரர். இங்கேயே உட்கார்ந்து வாங்குவோம், இல்லாவிட்டால் வாங்கவே மாட்டோம் என்று சொல்லிவிட்டு, மகன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார் அப்பா. இதைக் கிங்கே பின்னாளில் எழுதினார்.

அதைவிட எனக்குப் பிடித்தது ஜான் வெஸ்லி டாப்ஸின் குடும்பம். அவர் ரயில்வே அஞ்சல் ஊழியர். ஆறு மகள்கள், ஆறு பேரும் கருப்பினப் பெண்களுக்கென்று அட்லாண்டாவில் இருக்கும் ஸ்பெல்மன் கல்லூரியின் பட்டதாரிகள். வேலை போக மிச்ச நேரமெல்லாம் கருப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க ஓடினார். வாக்கு சேர்ந்ததும் மேயர் இறங்கி வந்தார், 1948-ல் அட்லாண்டாவில் எட்டு கருப்பினப் போலீஸ்காரர்கள் பணியில் சேர்ந்தார்கள். அவர்களால் வெள்ளையரைக் கைது செய்ய முடியாது, தலைமைக் காவல் நிலையத்தில் உடை மாற்றக்கூட இடமில்லை. ஆனாலும் அது தொடக்கம். மகள்களில் ஒருவரான மேட்டிவில்டா, ஆபரா என்னும் மேற்கத்திய இசை நாடகப் பாடகி, இனப் பிரிவினை உள்ள அரங்கில் பாட மாட்டேன் என்று நின்றவர். இன்னொரு மகள் ஐரீன் டாப்ஸ் ஜாக்சன், பிரெஞ்சு மொழியில் முனைவர் பட்டம் வாங்கிய பேராசிரியை. 1959-ல் வெள்ளையருக்கான நகர மைய நூலகத்துக்கு நேராகப் போய் உறுப்பினர் அட்டை கேட்டு வாங்கினார். அதுவரை எந்தக் கருப்பினத்தவருக்கும் அங்கே அட்டை கொடுத்ததில்லை. அவர் மகன்தான் மேனார்ட் ஜாக்சன், 1973-ல் தேர்தலில் ஜெயித்து அட்லாண்டாவின் முதல் கருப்பின மேயர் ஆனவர். விமான நிலைய ஒப்பந்தங்களில் கால் பங்கு சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்று சாதித்தார். நீங்கள் பெட்டியோடு வந்து இறங்கினீர்களே, அந்த விமான நிலையத்தின் பெயரில் பாதி அவருடையது.

நாம் இங்கே வந்ததற்கும் இவர்களுக்கும் தொடர்பு உண்டு. 1964-ல் சிவில் உரிமைச் சட்டம், 1965-ல் வாக்குரிமைச் சட்டம், அதே 1965 அக்டோபரில் ஆசியர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட குடிவரவுச் சட்டம். இவர்கள் ரத்தம் சிந்தி மாற்றிய சூழலில்தான் அந்த மூன்றாவது சட்டமும் நிறைவேறியது. அடுத்த முறை அந்த நண்பர் ஆரம்பித்தால் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

இப்போது மகள். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒலிநாடா கதையெல்லாம் தேவையில்லை. கிங்கைப் பற்றி வகுப்பில் பாதிப் பேர் பேசுவார்கள். அவள் ஐரீன் டாப்ஸ் ஜாக்சனைப் பற்றிப் பேசட்டும். நூலக அட்டை கேட்டுப் போன ஓர் அம்மா, வாக்குச் சேர்த்த தாத்தா, மேயரான மகன். ஐந்து நிமிடத்துக்குத் தாராளம். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ஆபர்ன் அவென்யூவுக்குக் கூட்டிப் போங்கள். டாப்ஸின் முகத்தைப் பெரிய முகமூடி மாதிரி வார்த்து வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் போய் நின்றால் அவர் கண் துளைகள் வழியாகத் தெருவைப் பார்க்கலாம், பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் கிங்கும் கொரெட்டாவும் பக்கத்தில் பக்கத்தில் அடக்கமான இடம். அதே தெருவில் கருப்பின வரலாற்றுக்கென்றே இருக்கும் ஆய்வு நூலகத்தில் கேட்டால், டாப்ஸ் குடும்பத்தைப் பற்றி என்ன படிக்கலாம் என்று ஊழியர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். வயதானவர்களோடு பேசும்போது முதல் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட வேண்டாம், "மிஸ்", "மிஸ்டர்" சேர்த்துக் கூப்பிடச் சொல்லுங்கள். தென்மாநிலங்களில் அது மரியாதை.

உங்கள் மகளுக்கு நூலக அட்டை வாங்கியாயிற்றா? இல்லையென்றால் முகவரிச் சான்றோடு உங்கள் பகுதி நூலகத்துக்குப் போய் இந்த வாரமே வாங்கிவிடுங்கள், இலவசம்தான். பேச்சு நாளில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும்.