பிரிண்ட் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் கெடுகிறது!

கேள்வி: இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன் சார். ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்) லேபில், பாடத்துக்காக எம்ஐடி எழுதிய சின்ன ஓஎஸ்ஸான எக்ஸ்வி6-ஐ வைத்து புராஜெக்ட். டிஸ்கில் காலி பிளாக் ஒதுக்கும் ஃபங்ஷனை அழகாக இருக்கட்டும் என்று இரண்டாகப் பிரித்தேன். ஒன்று காலி பிளாக்கைத் தேடி எண்ணைத் தரும், இன்னொன்று அதை 'எடுத்தாச்சு' என்று குறிக்கும். அதிலிருந்து, இரண்டு புரோகிராம் ஒரே நேரத்தில் எழுதினால் எப்போதாவது ஒரு ஃபைலில் இன்னொரு ஃபைலின் எழுத்து வருகிறது. இரண்டையும் அழித்தால் 'ஃப்ரீயிங் ஃப்ரீ பிளாக்' என்று பேனிக், அதாவது ஓஎஸ்ஸே நின்றுவிடுகிறது. எங்கே தப்பு என்று பார்க்க பிரிண்ட்எஃப் போட்டால் எல்லாம் சரியாக ஓடுகிறது! ஃபைலுக்குத்தான் லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) இருக்கிறதே, அப்புறம் எப்படி?
– மாணவி, தக்கலை

பதில்: பிரிண்ட்எஃபை அப்படியே விட்டுவிட்டு சப்மிட் பண்ணிவிடலாமா என்று ஒரு நிமிஷமாவது தோன்றியிருக்குமே மக்ளே? வேண்டாம். பிரிண்ட்எஃப் எதையும் சரிசெய்யவில்லை. திரையில் எழுத நேரம் எடுக்கிறது, அதற்கும் ஒரு லாக் வேண்டும், அதனால் இரண்டு புரோகிராமும் அந்த இடத்துக்கு வந்து சேரும் நேரம் மாறிவிடுகிறது, அவ்வளவுதான். தப்பு அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது.

ஃபைலுக்கு லாக் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் இரண்டு புரோகிராமும் எழுதுவது இரண்டு வேறு ஃபைல்களில், ஆளுக்கொரு லாக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் தடுக்காமல் உள்ளே வருகிறார்கள். இருவருக்கும் பொதுவாக இருப்பது பிட்மேப், அதாவது ஒவ்வொரு பிளாக்கும் காலியா (0) எடுத்தாச்சா (1) என்று ஆளுக்கொரு பிட்டில் குறிக்கும் பட்டியல். எக்ஸ்வி6-இல் ஒரு பிளாக் 1024 பைட், அதாவது 8192 பிட். அந்தச் சின்ன டிஸ்க் முழுவதற்கும் ஒரே பிட்மேப் பிளாக் போதும், ஆக எல்லாரும் வந்து மோதுவது அந்த ஒரே இடத்தில்.

இப்போது உங்கள் கோடைப் பாருங்கள். தேடும் ஃபங்ஷன் பிட்மேப்பை வாசிக்கிறது, 700-வது பிட் காலி என்று பார்க்கிறது, பஃபரை (பிட்மேப் பிளாக்கின் மெமரிப் பிரதியை) விட்டுவிட்டு 700 என்று சொல்லிவிட்டுப் போகிறது. குறிக்கும் ஃபங்ஷன் பஃபரைத் திரும்பப் பிடிப்பதற்குள் இன்னொரு சிபியு அதே பிட்மேப்பைப் பார்க்கிறது, அதற்கும் 700 காலிதான். வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக சீட் காலி என்று பார்த்துவிட்டு, துண்டு போடாமல் வாசல் வழியாக ஏறிப் போனால் என்ன ஆகுமோ அதுதான். இரண்டு ஃபைலுக்கும் ஒரே பிளாக். இப்படி யார் எப்போது முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்து வரும் தப்புக்குத்தான் 'ரேஸ் கண்டிஷன்' என்று பெயர். முதல் ஃபைலை அழிக்கும்போது 700 காலியாகிறது, இரண்டாவதை அழிக்கும்போது ஏற்கெனவே காலியான பிளாக்கைத்தான் காலி செய்யப் பார்க்கிறீர்கள் என்று கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) அலறுகிறது. அலறுவதும் நல்லதுக்குத்தான், சத்தமில்லாமல் விட்டிருந்தால் நீங்கள் கண்டுபிடித்திருக்கவே மாட்டீர்கள்.

ஒரிஜினல் கோட் ஏன் நீளமாக இருந்தது என்று இப்போது புரியும். பிட்மேப் பஃபரைப் பிடித்த கையோடு, விடாமல், பிட்டைப் பார்த்து, 1 ஆக்கி, லாகில் (பூட்டு இல்லை, மாற்றங்களைக் குறித்துவைக்கும் log பதிவேடு) எழுதி, அப்புறம்தான் பஃபரை விடுகிறது. நீங்களும் அப்படியே சேர்த்துவிடுங்கள். இல்லை, இரண்டு ஃபங்ஷனாகத்தான் வேண்டும் என்றால், குறிக்கும் ஃபங்ஷன் பஃபரைப் பிடித்தபின் அந்த பிட் இன்னும் 0 தானா என்று மறுபடி பார்க்க வேண்டும், 1 ஆகியிருந்தால் 'போச்சு, வேறு தேடு' என்று திருப்பி அனுப்ப வேண்டும்.

இரண்டையும் சுற்றி ஒரு ஸ்பின்லாக்கை (கிடைக்கும்வரை தூங்காமல் சுற்றிச் சுற்றிக் கேட்கும் லாக்) போட்டால் போதாதா என்று உங்கள் செட்டில் யாராவது சொல்வார்கள். போடாதீர்கள். பிளாக்கை டிஸ்கிலிருந்து வாசிக்கும்போது புரோசஸ் தூங்கலாம், ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கப் போனால் எக்ஸ்வி6 'ஸ்கெட் லாக்ஸ்' என்று பேனிக் ஆகும். பஃபருக்கு ஸ்லீப்லாக் (பிடித்துக்கொண்டே தூங்க அனுமதிக்கும் லாக்) வைத்திருப்பதே அதற்காகத்தான்.

சரி, திருத்தியாச்சு, போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? பல தடவை ஓட்டிப் பார்த்து ஒன்றும் வரவில்லை என்பது ஆதாரமே இல்லை. சிபியு எண்ணிக்கையை 1 ஆக வைத்து ஓடினால் நல்லது என்று நினைத்தாலும் ஏமாந்துபோவீர்கள், டைமர் இன்டரப்ட் (ஓடுவதை நிறுத்தி வேறு புரோகிராமுக்கு மாறச் செய்யும் சிக்னல்) சரியாக அந்த இடைவெளியில் வந்தால் அங்கேயும் இதே கதை, அபூர்வமாக நடக்கும் அவ்வளவுதான். அதனால் முதலில் பழைய கோடிலேயே, தேடுவதற்கும் குறிப்பதற்கும் நடுவில் வேண்டுமென்றே ஒரு 'யீல்டு' (சிபியுவை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கும் ஃபங்ஷன்) போடுங்கள். எப்போதாவது வந்த தப்பு இப்போது கூப்பிட்டால் வரும். பிறகு குறிக்கும் ஃபங்ஷனில் மறுபடி பார்க்கும் வரிகளைச் சேருங்கள், யீல்டை எடுக்காமல் ஓட்டுங்கள். அதிலும் நின்றால்தான் சரியான திருத்தம். எக்ஸ்வி6-உடன் வரும் சோதனைத் தொகுப்பான யூசர்டெஸ்ட்ஸ் முழுவதும் பாஸ் ஆனபின் யீல்டை எடுத்துவிடலாம்.

பெரிய சிஸ்டத்தில் எல்லாரும் ஒரே பிட்மேப்பில் முட்டிக்கொள்ளக் கூடாது என்று லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 டிஸ்கையே குரூப் குரூப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி பிட்மேப் வைத்திருக்கிறது. 4 கேபி பிளாக் என்றால் ஒரு குரூப் 128 எம்பி. லினக்ஸ் கெர்னலில் இதற்குச் சொந்தக்காரனான 'டேட்டா ரேஸ்' தப்புகளை (சரியான லாக் இல்லாமல் ஒரே மெமரியை இருவர் தொடுவது) பிடிக்க கேசிஎஸ்ஏஎன் என்ற கருவி 5.8 பதிப்பில், 2020-இல் சேர்ந்தது. அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் தப்பித்துக் கிடந்ததும் உண்டு. 'டர்ட்டி கவ்' என்ற பாதுகாப்பு ஓட்டை 2007-இலிருந்து கெர்னலில் இருந்த ரேஸ் கண்டிஷன், 2016 அக்டோபரில்தான் அடைத்தார்கள். அதுவரை, வாசிக்க மட்டும் அனுமதி உள்ள ஃபைலில் ஒரு சாதாரண யூசரால் எழுத முடிந்தது.

கேள்வி: கடையில் இரண்டு கம்ப்யூட்டர், பைத்தானில் நானே எழுதிய பில்லிங். இரண்டும் ஒரே ஷேர்டு ஃபோல்டரில் பில் ஃபைலைப் போடும். பில் நம்பரில் ஃபைல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லை என்றால்தான் உருவாக்குகிறேன். ஓணம், கிறிஸ்துமஸ் கூட்டத்தில் மட்டும் ஒரு பில் காணாமல் போகிறது. ஏன் அண்ணா?
– கடைக்காரர், மார்த்தாண்டம்

பதில்: மேலே தக்கலைத் தங்கச்சிக்குச் சொன்னதேதான் தம்பி, இடம்தான் வேறு. இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நொடியில் 'இல்லை' என்று பார்க்கின்றன, இரண்டும் எழுதுகின்றன, பின்னால் எழுதியது நிற்கிறது. இருக்கிறதா என்று பார்க்கும் வரியைத் தூக்கிவிடுங்கள். ஃபைலைத் திறக்கும்போது 'டபிள்யூ'வுக்குப் பதில் 'எக்ஸ்' கொடுங்கள், பைத்தான் 3.3-லிருந்து உண்டு. ஃபைல் ஏற்கெனவே இருந்தால் எரர் வரும், அதைப் பிடித்து அடுத்த நம்பருக்குப் போங்கள். பார்ப்பதையும் உருவாக்குவதையும் ஃபைல் சிஸ்டமே ஒரே மூச்சில் செய்துகொள்ளும்.

கேள்வி: பென்டிரைவில் காப்பி பண்ணின போட்டோ பாதிதான் திறக்கிறது. இதுவும் ரேஸ் கண்டிஷனா?
– வாசகர், குளச்சல்

பதில்: இல்லை, நீங்கள் அவசரப்பட்டு உருவியிருக்கிறீர்கள். காப்பி முடிந்தது என்று திரையில் வந்தாலும் கொஞ்சம் டேட்டா இன்னும் மெமரியில் காத்திருக்கலாம். 'இஜெக்ட்' கொடுத்து, எடுக்கலாம் என்று அது சொன்னபின் எடுங்கள். பழைய போட்டோ ஒரிஜினலிலிருந்து திரும்பக் காப்பி பண்ணினால்தான் உண்டு.