கேள்வி – பதில்: பாறையில் யார் மேலே, யார் கீழே?

கேள்வி: கோணேசர் மலையடியில் கடல் வற்றியிருக்கும் வேளையில் பார்த்தால், பாறையின் மேற்புறத்தில் சின்னஞ்சிறு கொட்டலசுகள் (பாறையில் ஒட்டியே வாழும் ஓடுடைய கடலுயிர்கள்) ஒரு பட்டையாகவும், அவற்றின் கீழே பெரிய கொட்டலசுகளும் சிப்பிகளும் வேறொரு பட்டையாகவும் ஒட்டியிருக்கின்றன. எல்லாமே கடல்நீரை நம்பி வாழ்பவை. பின் ஏன் அவை கலந்து வாழ்வதில்லை?
– வாசகி ஒருவர், திருகோணமலை

பதில்: இதே கேள்வியை ஸ்கொட்லாந்தின் கம்பிரே தீவுக் கரையில் எழுப்பி, 1961இல் விடையை வெளியிட்டவர் ஜோசப் கொனெல் என்ற அமெரிக்கச் சூழலியலாளர். அங்கும் சிறிய வகை மேலே, பெரிய வகை கீழே. ஆனால் சிறியதன் குடம்பிகள், அதாவது நீரில் மிதந்து திரியும் இளம்பருவ உயிர்கள், கீழ்ப்பட்டையிலும் வந்து ஒட்டுவதை அவர் கண்டார். எனவே, சிறிய வகை ஒட்டிய கற்களைக் கீழ்மட்டத்தில் பொருத்தி, ஒவ்வொரு கல்லிலும் ஒரு பாதியில் மட்டும் பெரிய வகையைக் களைந்துவிட்டு, எது பிழைக்கிறது, எது மடிகிறது என்று தொடர்ந்து குறித்துவந்தார். களைந்த பாதியில் சிறியவை நன்றாகவே பிழைத்தன. மறுபாதியில் விரைந்து வளர்ந்த பெரியவை அவற்றை மூடியும் நெரித்தும் அடியிலிருந்து பெயர்த்தும் அழித்தன. ஆகவே கீழே வாழும் ஆற்றல் சிறியதற்கு உண்டு, இடந்தான் கிடைப்பதில்லை. பெரியதோ வெயிலும் வறட்சியும் தாங்காமல் மேலே ஏற முடிவதில்லை.

போட்டியில்லாதபோது ஓர் இனம் வாழக்கூடிய எல்லை அதன் அடிப்படைச் சூழல் முடுக்கு. போட்டிக்குப் பின் மிஞ்சுவது உண்மைச் சூழல் முடுக்கு. (முடுக்கு என்றதும் நம்மவர்களுக்கு ஒழுங்கைதான் நினைவுக்கு வரும், இங்கு அது இடத்தை மட்டுமன்றி, உணவு, வெப்பம், நேரம் ஆகியவற்றையும் சேர்த்தே குறிக்கிறது.)

எனினும் அந்த முடிவை அப்படியே நம் பாறைக்குப் பெயர்த்துவிடுவது சரியன்று. திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட இல்லை. வாடைக்காற்றுக் காலத்து அலைகள் பாறையை மிக உயரம்வரை நனைக்க, சோளகக் காலத்து வெயில் அதைச் சுட்டெடுக்கிறது. பட்டையின் மேலெல்லையை வெயிலும் கீழெல்லையைப் போட்டியும் தீர்மானிக்கின்றன என்பது பல கரைகளில் கண்ட பொதுப்போக்கு என்றாலும், ஊரிகள் போன்ற இரைகௌவிகளின் பங்கையும் சேர்த்தே எண்ண வேண்டும். கீழ்ப்பட்டையில் உள்ளங்கையளவு இடத்தைச் சுரண்டிவிட்டு, அங்கே எது நிலைக்கிறதென்று மாதக்கணக்கில் பார்த்தால் ஓரளவு தெளிவு பிறக்கும். கோயிற் சூழலில் அதைச் செய்யாதீர்கள். வேறு பாறை தேடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒத்த இனங்கள் ஓரிடத்தில் சேர்ந்து வாழா என்றால், எங்கள் களப்போரத்தில் மூன்று வகை மீன்கொத்திகள் இருப்பது எப்படி?
– வாசகர் ஒருவர், கிண்ணியா

பதில்: ஒரே தேவையை ஒரே முறையில் நிறைவேற்றும் இரண்டு இனங்கள் நீண்டகாலம் சேர்ந்து நிலைக்கா என்பதே விதி. 1934இல் ரஷ்ய அறிஞர் கோஸ் வெளியிட்ட சோதனைகளில், பரமேசியம் என்ற ஒருகல நுண்ணுயிரியின் இரண்டு இனங்களை ஒரே குடுவையில் வளர்த்தபோது ஒன்று முற்றாக அழிந்தது. வேறொரு இணையை வளர்த்தபோது, ஒன்று மேலே மிதந்த பற்றீரியாக்களையும் மற்றது அடியில் படிந்த மதுவத்தையும் உண்டு இரண்டும் பிழைத்தன. உங்கள் மீன்கொத்திகளையும் அவ்வாறே கவனியுங்கள்: கறுப்பு வெள்ளை நிறமுடையது திறந்த நீருக்கு மேல் சிறகடித்து நின்றபடியே பாய்கிறது, சிறிய நீலநிறமுடையது கரையோரக் கிளையிலிருந்து சின்ன மீன்களைப் பிடிக்கிறது, வெண்கழுத்துடையதோ பூச்சி, ஓணான், தவளை என்று தரையிலும் வேட்டையாடுவதால் தண்ணீரே இல்லாத வளவிலும் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கிறது.